காஜா அக்கா வைத்த தேதி

அவரை எல்லோரும் காஜா அக்கா என்றுதான் அழைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது, புழக்கத்தில் இல்லை. சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டைக்குத் தையல்காரர்கள் காஜா என்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணவரின் தையல் கடையில் காஜா எடுப்பதுதான் அவர் வேலை. ஒரு நாளைக்கு நூறு காஜாகூட எடுத்திருக்கிறார். பிற்பாடு ஒரு மென்பொருள் திட்டத்தில் சேரும்போது, "உங்களை எப்படி அழைக்கலாம்?" என்று கணினித் திரை கேட்டது. சட்டென்று வேறெதுவும் தோன்றாமல் 'காஜா' என்று அடித்தார். அதுவே நிலைத்துவிட்டது.

கடை பத்தடிக்குப் பதினெட்டடி. முன்னால் கண்ணாடிக் கவுண்டர், அதன் பின்னால் துணி வெட்டும் மேசை, சுவரோரம் மூன்று தையல் மிஷின்கள், மூலையில் திரை போட்ட ட்ரயல் அறை. டெய்லர், அதாவது அவருடைய கணவர், தொழிலில் கெட்டிக்காரர். அவர் வைத்த காலர் பத்து முறை துவைத்தாலும் மடியாது. வாய்தான் பிரச்சினை. யார் வந்து எப்போது கிடைக்கும் என்று கேட்டாலும் "செவ்வாய்க்கிழமை" என்பார். அந்தத் தெருவில் பாதிப் பேருடைய துணிக்குச் செவ்வாய்க்கிழமைதான் நாள். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் டெய்லருக்கு நூல் வாங்கப் போகிற அவசரம் வந்துவிடும். கவுண்டரில் நின்று முகம் கொடுப்பது அக்கா.

"பட்டன் மட்டும்தான் பாக்கி. சாயங்காலம் வாங்க" என்பார். துணி மேசைக்கடியில் வெட்டாமலே கட்டாகக் கிடக்கும்.

இப்படி இருபது வருடம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒரு பெண் வந்தாள். பதினோரு மணிக்கு வேலைக்கான நேர்காணல். சாம்பல் நிறக் கோட்டு ஒன்று கொடுத்திருந்தாள். கோட்டுக்கு ஒரு கைதான் இருந்தது. அக்கா வாயைத் திறப்பதற்குள் அவளே கோட்டைப் பார்த்துவிட்டாள். "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டு, போட்டிருந்த பழைய சட்டையோடு பஸ் பிடிக்க ஓடினாள். திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார். அந்தப் 'பரவாயில்லக்கா'வைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்று வாரம் அவர் கடையில் தினமும் எத்தனை உருப்படி வருகிறது, எத்தனை முடிகிறது என்று காலண்டரின் கட்டத்துக்குள் பென்சிலால் குறித்தார். பிறகு ஒரு மத்தியானம் கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒரு நாளைக்கு நம்மால ஆறு முடியுது. நீங்க வாங்கறது பதினொண்ணு. இனிமே தேதி நான்தான் சொல்லுவேன்."

"என்னைக் கேட்டா?"

"வாயில குண்டூசி வெச்சுக்குங்க. பேச முடியாதுன்னு அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

டெய்லருக்கு முதலில் ரோஷம் வந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் கடையில் சத்தம் குறைந்ததைக் கண்டதும் அவரே குண்டூசியைத் தேடி எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

கணினி விஷயம் இதற்கு ஒரு வருடம் கழித்து வந்தது. மாடியில் குழாய் வெடித்துத் தண்ணீர் இறங்கியதில் கடையின் அளவு நோட்டுகள் நான்கும் ஊறி, மை கரைந்து, எந்த இடுப்பு யாருடையது என்று தெரியாமல் போனது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். 'அளவுநோட்டு' என்று ஒரு மென்பொருளை அதில் ஏற்றினாள்.

"எவ்வளவு கொடுத்தே?" என்றார் அக்கா.

"இலவசம்மா. திறந்த மூலம். இதோட நிரலை யார் வேணும்னாலும் திறந்து பார்க்கலாம், மாத்தலாம். பல ஊர்ல இருக்கறவங்க சேர்ந்து எழுதறாங்க. சம்பளம் எல்லாம் கிடையாது."

"சம்பளம் இல்லாம எதுக்குச் செய்றாங்க?"

"பிடிச்சிருக்கு. செய்றாங்க."

அக்காவுக்கு இது விளங்கவில்லை. ஆனால் மென்பொருள் நன்றாக இருந்தது. வாடிக்கையாளருடைய அளவை ஒருமுறை ஏற்றினால் போதும். சட்டைக்கு, பேன்ட்டுக்கு, பாவாடைக்கு என்று துணி வெட்டும் கணக்கை அதுவே போட்டுக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தது. ஒரே குறை, திரையில் இருந்த தமிழ்ச் சொற்கள். அக்குள் ஆழம் என்று இருக்க வேண்டிய இடத்தில் யாரோ 'கைத்துளை நீளம்' என்று போட்டிருந்தார். எந்தத் தையல் கடையிலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பொறுக்க முடியாமல், மகளை உட்காரவைத்து அந்த மென்பொருள்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். மறுநாளே பதில் வந்தது. "நீங்களே திருத்திக் கொடுக்க முடியுமா?"

அதை எழுதியவர் வாத்தியார். அவர் வேறொரு நாட்டில் தொழிற்கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். தன் தங்கையின் தையல் கடைக்காக மூன்று வருடம் முன்பு இந்த மென்பொருளைத் தொடங்கி வைத்தவர். அவரோடு நெருங்கி வேலை செய்தவர்கள் ஆறேழு பேர். உலகத்தின் வெவ்வேறு மூலையில் இருந்தாலும் எல்லோருக்கும் வீட்டில் பேசுகிற மொழி தமிழ்தான். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த, இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குத் தாயான ஒருத்தி 'ஊசி'. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த ஒருவன் 'பூனை'. அவன் படத்துக்குப் பதிலாக வைத்திருந்தது ஒரு கொழுத்த பூனையை. அச்சடிக்கும் பகுதி பூனையின் பொறுப்பு.

அக்கா சொற்களைத் திருத்திக் கொடுத்தார். அடுத்த பதிப்புக்காகக் காத்திருந்தார். மாதங்கள் போயின. பதிப்பு வந்தபோது பாதித் திரை தமிழிலும் பாதித் திரை ஆங்கிலத்திலும் இருந்தது. வெளியிடுவதற்கு முந்தின நாள் வாத்தியார் ஏதோ தோன்றி முப்பது சொற்களை மாற்றியிருக்கிறார். மொழிபெயர்ப்பவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அக்கா திரும்பவும் செய்தார். அதற்கடுத்த பதிப்பிலும் இதே கூத்து. அதன் பிறகு பதினான்கு மாதம் பதிப்பே வரவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கணினி வழியாகப் பேசிக்கொள்வார்கள். அக்கா கடையைச் சாத்திவிட்டு, வெட்டும் மேசைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கேட்பார், பேச மாட்டார். அன்றைக்கு ஊசி கேட்டாள்.

"வாத்தியாரே, புதுப் பதிப்பு எப்போ?"

"ஆச்சு. முடிஞ்ச மாதிரிதான். சின்னச் சின்ன வேலை மட்டும்தான் பாக்கி."

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. மைக் திறந்திருந்தது அவருக்குத் தெரியாது.

"யாரு சிரிக்கறது? காஜா அக்காவா?" என்றார் வாத்தியார்.

அக்காவுக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் கேட்டுவிட்டார். "சார், தப்பா நினைக்காதீங்க. துணியை வெட்டியாச்சா, இல்ல இன்னும் மேசைக்கடியிலதான் கிடக்கா?"

யாருக்கும் புரியவில்லை. அக்கா கடைக் கதையைச் சொன்னார். செவ்வாய்க்கிழமையை, பட்டன் பாக்கியை, ஒரு கை வைத்த கோட்டை. முடித்தபோது ஊசிதான் முதலில் சிரித்தாள். பிறகு வாத்தியாரும் சிரித்தார். "மாட்டிக்கிட்டேன்" என்றார். "சரிக்கா, எனக்குத் தேதி வைக்க வராது. நீங்க வையுங்களேன்."

"எனக்கு ஒரு வரி நிரல்கூட எழுதத் தெரியாதே சார்."

"என் வீட்டுக்காரருக்குக்கூட சமைக்கத் தெரியாது. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வேணும்னு சரியா சொல்றாரு" என்றாள் ஊசி.

இப்படித்தான் அந்தப் பொறுப்பு அக்கா தலையில் விழுந்தது.

மறுநாள் அவர் பேட்டர்ன் வெட்டுகிற பழுப்புக் காகிதத்தை மேசைமேல் விரித்தார். கையில் கோடு போடுகிற சாக்கட்டி. தையல் கடைகளுக்கு வருடத்தில் ஒரு பெரிய பருவம் உண்டு. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வருகிற சீருடைப் பருவம். எந்த மொழியில் அளவுநோட்டு ஓடினாலும் எல்லாக் கடைக்காரர்களும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலான கடைகள் இருந்த பகுதியில் பள்ளி திறக்கும் நாள் யாருக்காகவும் நகராது. அதைக் காகிதத்தின் வலது ஓரத்தில் எழுதினார். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினார். சீருடை வேலை தொடங்கிவிட்டால் எந்தக் கடைக்காரரும் புதுப் பதிப்பைத் தொட மாட்டார். ஆகவே எட்டு வாரம் முன்பு வெளியீடு. அதற்கு இரண்டு வாரம் முன்பு ட்ரயல். கடைக்காரர்கள் சிலர் போட்டுப் பார்த்து எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பு சொல் பூட்டு; அன்றைக்குப் பிறகு திரையில் ஒரு சொல்லைக்கூட யாரும் மாற்றக் கூடாது, மொழிபெயர்ப்பவர்கள் நிம்மதியாக வேலை பார்க்கட்டும். அதற்கும் ஒரு வாரம் முன்பு கதவடைப்பு. அன்றைக்கு மாலை ஐந்து மணிவரை முடிந்து வந்த வசதிகள் மட்டும் இந்தப் பதிப்பில். இடது ஓரத்தில் கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் எழுதினார். இது போனால் அடுத்த வெளியீடு நான்கு மாதம் கழித்து, இன்ன தேதியில்.

காகிதத்தைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். பூனை உடனே சீறினான். அதற்கென்றே கூட்டிய அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவன் குரலில் சூடு இருந்தது.

"அக்கா, இது ஆபீஸ் இல்ல. நாங்க எல்லாம் வேலை முடிஞ்சு வந்து, ஆசைக்குச் செய்றோம். எங்களுக்குக் கெடு வைக்க நீங்க யாரு?"

அக்கா மேசைமேல் கிடந்த நூல்துண்டை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, உனக்கு நான் கெடு வைக்கல. வெளியீட்டுக்குத்தான் தேதி. நீ முடிச்சா இதுல வரும். முடிக்கலன்னா நாலு மாசத்துல அடுத்தது வருது, அதுல வரும். உன்னை யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. இத்தனை நாளும் அடுத்தது எப்போன்னு தெரியாது. அதனாலதான் எல்லாரும் கடைசி நிமிஷத்துல அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தீங்க. அது எனக்குத் தெரியும். நானும் அந்த மாதிரி கடையிலதான் இருந்தேன்."

"பார்க்கலாம்" என்றான் பூனை. அது சம்மதமா சவாலா என்று தெரியவில்லை. ஆனால் விட்டுப் போகவில்லை.

அந்தப் பதிப்பில் வரவேண்டியதிலேயே பெரியது 'கூட்டு அளவு'. ஒரு வகுப்புப் பிள்ளைகளின் அளவுகளை மொத்தமாக ஏற்றி, ஒரே மாதிரி இருப்பவர்களைச் சேர்த்து வெட்டும் கணக்குப் போட்டுத் தருகிற வசதி. சீருடை தைக்கிற கடைகளுக்கு வரப்பிரசாதம். வாத்தியாரே அதை எழுதிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் டெய்லர் அந்த வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை வேலையை ஏற்றுக்கொண்டார். முந்நூற்று இருபது பிள்ளைகள். இம்முறை அவர் அக்காவைக் கேட்டுத்தான் ஒப்புக்கொண்டார். அக்காவும் அந்த வசதியை மனதில் வைத்துத்தான் சரி என்றார்.

கதவடைப்பு நாள் வந்தது. மாலை நான்கரை மணிக்கு வாத்தியாரிடமிருந்து அழைப்பு.

"அக்கா, கூட்டு அளவு ஓடுது. ஏத்தறது சரியா இருக்கு. ஆனா ஒரே வகுப்புல அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருந்தா, ஒருத்தன் அளவை இன்னொருத்தன் மேல எழுதிடுது. எங்கேன்னு கண்டுபிடிச்சிட்டேன்னு நினைக்கறேன். மூணு நாள் குடுங்க."

"நினைக்கறீங்களா, கண்டுபிடிச்சிட்டீங்களா சார்?"

"மூணு நாள்தானே அக்கா."

ஐந்து நிமிடத்தில் சொல்வதாகச் சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார். டெய்லர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்தார்.

"ஏம்மா, மூணு நாள்ல என்ன குடி முழுகிப் போகுது? முந்நூத்தி இருபது பிள்ளைங்க. ஒண்ணொண்ணா ஏத்தினா நம்ம கதி என்ன?"

"தெரியுங்க."

"நமக்கே வேணுங்கற வசதி அது."

"அதனாலதாங்க பயமா இருக்கு. நமக்கு வேணுங்கறதுக்காக நான் தள்ளினா, நாளைக்குப் பூனைக்கு என்னன்னு சொல்லித் தள்ளாம இருப்பேன்?"

சொல்லிவிட்டாரே தவிர, அக்காவுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ட்ரயல் அறைக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டார். உள்ளே ஆளுயரக் கண்ணாடி. அதில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பி நின்றார். ஐந்து வருடமாக அந்த மனிதர் கட்டி எழுப்பியது இந்த மென்பொருள். நேற்று வந்த நான், அவரிடமே கதவு சாத்தியாச்சு என்று எப்படிச் சொல்வேன்? திரைக்கு வெளியே மிஷின் ஓடுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. டெய்லர் காத்திருக்கிறார் என்று புரிந்தது.

வெளியே வந்து போனை எடுத்தார்.

"சார், அடுத்ததுல வரட்டும்."

"இது என்னோட..." என்று தொடங்கிய வாத்தியார் நிறுத்திக்கொண்டார். "சரி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கூட்டு அளவைப் பதிப்பிலிருந்து பிரித்து எடுக்கிற வேலையை ஊசி செய்தாள். பிரிக்கும்போது அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பெயர்ப் பட்டியலை மொத்தமாக ஏற்றுகிற பகுதி தனியாகவே முழுசாக இருந்தது. அது எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. அது ஐந்து மணிக்கு முன்பே முடிந்து வந்ததுதான் என்று கணினியின் குறிப்பே சொன்னது. அதை மட்டும் விட்டுவைத்தார்கள். அளவுகளை ஒவ்வொன்றாகத்தான் அடிக்க வேண்டும். பெயர்களையாவது அடிக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு வாத்தியார் கூட்டத்துக்கு வரவில்லை. எழுதவும் இல்லை. அக்கா இரண்டு முறை செய்தி அனுப்பினார். படித்துவிட்டார் என்று காட்டியது, பதில் இல்லை. கடையில் காஜா எடுக்கும்போது அக்காவின் கை தானாக நின்றுவிடும். "விடும்மா, வருவாரு" என்பார் டெய்லர். அவருக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான்.

சொல் பூட்டு நாள் வந்து போனது. மொழிபெயர்க்கிற ஒன்பது மொழிக்காரர்களும் முதல்முறையாக முழுத் திரையையும் தங்கள் மொழியில் முடித்தார்கள். ட்ரயல் பதிப்பு இருபது கடைகளுக்குப் போனது. மூன்றாம் நாள் ஒரு கடைக்காரர் படத்தோடு எழுதியிருந்தார். அவர் வழக்கமாக சென்டிமீட்டரில் அளவெடுப்பவர். புதுப் பதிப்பு அவருடைய பழைய அளவுகளை எல்லாம் அங்குலம் என்று நினைத்து மறுபடி பெருக்கியிருந்தது. தொண்ணூற்றாறு சென்டிமீட்டர் மார்பு இருநூற்று நாற்பத்துநான்காக நின்றது. "இவருக்குச் சட்டை தைக்க நான் கூடாரத் துணிதான் வாங்கணும்" என்று எழுதியிருந்தார்.

கூட்டத்தில் அதைப் படித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். பூனை மட்டும் சிரிக்கவில்லை.

"இது நான் செஞ்ச தப்பு" என்றான். "போன தடவை மாதிரி நேரா வெளியிட்டிருந்தா, எத்தனை கடையில எத்தனை பேரோட அளவு நாசமாகி இருக்கும்?"

"எத்தனை நாள் வேணும் தம்பி, சரிபண்ண?"

"ரெண்டு நாள்."

"பதினோரு நாள் இருக்கு. நிதானமா பண்ணு."

அவன் நிதானமாகப் பண்ணினான். பண்ணிவிட்டு, வேறு இரண்டு இடத்திலும் அதே தப்பு இருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தான். குறித்த நாளில், குறித்த காலையில் பதிப்பு வெளிவந்தது. அளவுநோட்டின் வரலாற்றில் தேதி சொல்லி, அந்தத் தேதியிலேயே வந்த முதல் பதிப்பு அது. ஊசி ஒரு கைதட்டல் படம் அனுப்பினாள். பூனை தன் பூனைப் படத்துக்கு ஒரு தொப்பி மாட்டியிருந்தான்.

சீருடைப் பருவத்தில் கடை திமிலோகப்பட்டது. டெய்லர் பள்ளிக்கூடத்து வராந்தாவில் டேப்போடு நின்று ஒவ்வொரு பிள்ளையாக அளவு சொல்ல, மகள் விடுமுறையில் வந்து லேப்டாப்பில் அடித்தாள். ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டியது ஆறு நாள் பிடித்தது. "இந்நேரம் அந்த வசதி இருந்திருந்தா..." என்று டெய்லர் ஒருமுறை ஆரம்பித்தார். மகள் முறைத்ததும் பக்கத்திலிருந்த பிள்ளையின் தோளை இரண்டாம் முறை அளந்தார். ஆனால் அக்கா ஆரம்பத்திலேயே கணக்கை மாற்றிப் போட்டிருந்தார்; வேறு உருப்படி எதையும் அந்த ஐந்து வாரம் கடையில் வாங்கவில்லை, இரண்டு தையல்காரர்களையும் கூலிக்குக் கூட்டிக்கொண்டார். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு முந்நூற்றுப் பதினேழு சீருடை போய்ச் சேர்ந்தது. மீதி மூன்று பேர் இந்த இடைவெளியில் வளர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பாவாடை ஓரத்தைப் பிரித்து இறக்கிக் கொடுத்தார்கள்.

பள்ளி திறந்த வாரம் வாத்தியார் அழைத்தார். அக்கா கவுண்டரில் இருந்தார், வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்தார். மகளை நிற்கச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தார்.

"அக்கா, உங்க மேல கோபமாத்தான் இருந்தேன்."

"தெரியும் சார்."

"ஒரு வாரம் நிரலைத் தொடவே இல்ல. என் பையனைக் கூட்டிக்கிட்டு நீச்சல் குளத்துக்குப் போனேன். அங்க உக்கார்ந்திருக்கும்போதுதான் தோணுச்சு. அஞ்சு வருஷத்துல முதல் தடவையா, இன்னைக்கு நான் எதையும் முடிக்க வேண்டியதில்ல. நாலு மாசம் இருக்கு. அந்தத் தேதி அங்கேயே நிக்கும், என்னைத் துரத்தாது."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே இருந்த செருப்புக் கடைப் பலகையைப் படிப்பது மாதிரி நின்றார்.

"அந்த அண்ணன் தம்பி தப்பு?" என்றார்.

"நான் நினைச்ச இடத்துல இல்லக்கா. மூணு நாள்ல கிடைச்சிருக்காது. பதினேழு நாள் ஆச்சு."

அடுத்த பதிப்பில் கூட்டு அளவு வந்தது. கதவடைப்புக்கு ஒன்பது நாள் முன்பே வந்துவிட்டது. அந்த முறை நடந்த வேறொன்றுதான் அக்காவுக்குப் பெரிதாகப்பட்டது. கதவடைப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பூனை எழுதினான்: "என் பகுதி இதுல முடியாது. என்னை அடுத்ததுல போட்டுக்குங்க." யாரும் கேட்காமல், யாருக்கும் விளக்கம் சொல்லாமல், பஸ்ஸில் இடம் மாறி உட்காருகிறவன் மாதிரி சாதாரணமாகச் சொன்னான். அதற்குப் பிறகு எல்லோரும் அப்படிச் சொல்லப் பழகினார்கள். புதிதாக நான்கு பேர் திட்டத்தில் சேர்ந்தார்கள். ஒருத்தி சேர்ந்த அன்றே எழுதியது: "இங்கே எப்போது என்ன வேண்டும் என்று தெரிகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே செய்யலாம் போலிருக்கிறது."

அக்கா தேதி வைத்த ஐந்தாவது பதிப்பின்போது அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. பித்தப்பையில் கல். டாக்டர் ஒரு வியாழக்கிழமையைச் சொல்லி, அன்றைக்கு அறுவை சிகிச்சை என்றார். அக்கா போனில் காலண்டரைப் பார்த்தார். அதே வியாழக்கிழமைதான் வெளியீடு.

"டாக்டர், அதை அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?"

மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மா! ஊருக்கெல்லாம் தேதியைத் தள்ளக் கூடாதுன்னு சொல்லிட்டு நீ என்ன பண்றே?"

"அது வேற, இது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் டெய்லர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்கா வெளியீட்டு நாளில் செய்யவேண்டியதைப் பதினான்கு வரியில் எழுதினார். எதை முதலில் பார்ப்பது, எந்த மொழிக்காரருக்கு எப்போது சொல்வது, அறிவிப்பை யார் படித்துப் பார்ப்பது. யாரிடம் கொடுப்பது என்று இரண்டு நாள் யோசித்துப் பூனைக்கு அனுப்பினார். "நீ பார்த்துக்கறியா தம்பி?" ஒரு மணி நேரம் கழித்து அவனிடமிருந்து, "ஒன்பதாவது வரி புரியல, சொல்லுங்க" என்று வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அக்காவுக்கு மயக்கம் தெளிந்தது. ஜன்னல் வழியாக வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுந்துகொண்டிருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

"மணி என்ன?" என்றார் மகளிடம்.

"ஒண்ணே கால். வலிக்குதாம்மா?"

"வந்துடுச்சா?"

மகளுக்குப் புரிந்தது. போனை எடுத்தாள். "பத்து மணி பத்து நிமிஷத்துக்கு வந்துடுச்சு. ஒரு மொழியில மட்டும் ரெண்டு சொல் விட்டுப்போச்சாம்."

அக்கா எழுந்திருக்கப் பார்த்தார். "யாரு அது, உடனே அவங்களுக்கு..."

"படும்மா. அதையும் அவங்களே பேசி முடிச்சிட்டாங்க. திங்கட்கிழமை ஒரு சின்னத் திருத்தம் போடறாங்களாம்."

"என்னைக் கேக்கலையா?"

"இல்ல."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட. எல்லாரும் 'அக்கா எப்படி இருக்காங்க'ன்னுதான் கேட்டிருக்காங்க. கடைக்காரங்களும் சேர்த்து முப்பத்தோரு பேர்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சுக்குள் முதலில் ஒரு சின்ன வலி எழுந்தது; நான் இல்லாமலே நடந்துவிட்டதே என்று. அது எழுந்த வேகத்திலேயே அடங்கி, அந்த இடத்தில் வேறு ஏதோ இதமாகப் பரவியது. உதடு தானாக விரிந்தது.

மருந்து கொடுக்க வந்த நர்ஸ் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆபரேஷன் பண்ணிட்டுச் சிரிக்கிறீங்க?" என்றார்.

"எங்க வீட்டுப் பிள்ளைங்க பாஸ் பண்ணிட்டாங்க சிஸ்டர்."

"எத்தனை பேரு?"

"பதினோரு பேரு" என்றார் அக்கா, வாத்தியாரிலிருந்து புதிதாக வந்த நான்கு பேர்வரை மனதுக்குள் எண்ணி. நர்ஸ் மகளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது என்று மருந்துச் சீட்டில் எதையோ குறித்துக்கொண்டு போனார்.

மகள் சிரித்து முடித்தபோது போன் அதிர்ந்தது. பூனையிடமிருந்து. அவள் வாய்விட்டுப் படித்தாள்: "அடுத்த பதிப்பையும் நானே பார்க்கட்டுமா அக்கா? நீங்க கூட இருங்க, போதும்."

"என்னன்னு எழுத?" என்றாள்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "பாருன்னு எழுது" என்றார். "தேதி வைக்கறதுக்கு முன்னாடி பரீட்சைக்காலம் எப்போன்னு கேட்டுக்கச் சொல்லு. புதுசா சேர்ந்தவங்கள்ல மூணு பேரு படிக்கிற பிள்ளைங்க."